பச்சைத் துணிக்கு முன்னால்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வற்றிக் கிடந்த எங்கள் ஏரிக்குள் ஒரு பெரிய படத்தின் போர்க்காட்சியை எடுக்க வந்தார்கள். கல்யாண வீடியோ எடுப்பவருடையதைத் தவிர வேறு கேமரா எதையும் அதுவரை எங்கள் ஊர் கண்டதில்லை. லாரி லாரியாகப் பச்சைத் துணி வந்து இறங்கியது. பனைமர உயரத்துக்கு இரும்புக் கம்பிகளை நட்டு, ஏரியின் ஒரு கரையையே அந்தத் துணியால் மறைத்தார்கள். காற்றடிக்கும்போது அது மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கும். வகுப்பு ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், அந்த வாரம் சொல்லிக்கொடுத்த கணக்கு எதுவும் என் தலையில் ஏறவில்லை.

கூட்டத்தில் நிற்க முந்நூறு பெண்கள் வேண்டுமென்று ஏஜெண்ட் ஒருவர் வீடு வீடாக வந்தார். கீரை விற்கும் எதிர்வீட்டு அக்கா முதலில் பெயர் கொடுத்தாள். அடுத்ததாகப் பெயர் கொடுத்தவள் என் அத்தை. வீட்டில் கலவரமே மூண்டது.

அப்பாவின் தங்கையான அத்தை ஒன்றரை வருடமாக எங்களோடுதான் இருந்தாள். அவள் கணவர் வடக்கே ஏதோ மில் வேலைக்கென்று போனவர். முதலில் தினமும் பேசினார், பிறகு வாரத்துக்கு ஒருமுறை. அப்புறம் அப்படி ஓர் எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது போன். அத்தை அழுது நாங்கள் பார்த்ததில்லை. கழனி வேலைக்குப் போவாள், வருவாள், கண்ணாடி இருக்கும்போதே சுவரைப் பார்த்துத் தலை வாருவாள்.

“சினிமாவுல போயி நிக்கப்போறியா? ஊரு இன்னா பேசும்?” என்றார் அப்பா.

“இப்ப மட்டும் பேசாமலா கீது?” என்றாள் அத்தை.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். ஏரிக்குள் எல்லாப் பெண்களுக்கும் மண் நிறத்தில் சேலை கொடுத்திருந்தார்கள். உச்சி வெயிலில் எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அசைந்தன. உதவி இயக்குநரான ஓர் இளம்பெண் மைக்கில் சொன்னாள்: “இந்தப் பச்சைத் துணிக்கு முன்னாடி பெரிய படை ஒண்ணு போயிட்டிருக்கு. உங்க வீட்டு ஆம்பளையும் அதுல போறார். தேடிப் பாருங்க.”

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எதிரே இருந்தது துணியும் இரண்டு கொக்குகளும்தான். அத்தை சிரிக்கவில்லை. தேடினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தள்ளுவதுபோல் அவள் கண்கள் மெல்ல நகர்ந்து போய், ஓரிடத்தில் நின்றன. நானும் அங்கே பார்த்தேன். துணிதான் இருந்தது. அத்தையின் கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கேமரா தன் பக்கம் திரும்பியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. “கட்” என்று கத்திய பிறகும் கண்களை எடுக்கவில்லை. குடைக்கடியில் உட்கார்ந்திருந்த இயக்குநர் எழுந்து வந்து, “இன்னொரு தடவை எடுக்க வேணாம்மா” என்றார்.

என் அத்தை ஒரே நாளில் நடிகையாகிவிட்டாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஆண்டு படம் வந்தது. கம்பெனி வேன் ஓட்டும் சித்தப்பா எங்களைச் சென்னைக்கு ஒரு மாலுக்கு அழைத்துப் போனார்.

“முன்னல்லாம் ஒரு படம் மெட்ராஸ்ல ஓடி, காஞ்சிபுரம் வந்து, தேஞ்சி போனப்புறம்தான் நம்ம பக்கம் எட்டிப் பாக்கும். இப்ப ஒரே நாள்ல நாடு பூரா வுட்டுடறான். அஞ்சி பாஷைல ஓடுதாம்” என்றார் வண்டியை ஓட்டிக்கொண்டே.

“வடக்கயுமா?” என்றாள் அத்தை.

“எல்லா மால்லயும் ஓடும்க்கா.”

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தானாக ஏறும் படிக்கட்டில் கால் வைக்குமுன் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். உள்ளே வெண்ணெய் வாசனையும் மார்கழிக் குளிரும். எட்டுக் கதவுகளில் எது எங்களுடையது என்று தேடி நுழைந்தோம். இருட்டில் அந்தப் பெரிய நாற்காலிக்குள் மூழ்கியதும், ஏதோ குளத்தின் அடியில் படுத்து மேலே பார்ப்பதுபோல் இருந்தது.

திரையில் எங்கள் ஏரி வந்தது. அதில் தண்ணீர் தளும்பியது. கரையில் பொன் நிறக் கோட்டை. துணி இருந்த இடத்தில் யானைகளும் குதிரைகளும் வானம் தொடும்வரை போய்க்கொண்டிருந்தன. முந்நூறு பெண்கள் ஆயிரமாயிரமாகப் பெருகியிருந்தார்கள். கீரைக்கார அக்கா மட்டும் ஆறு இடங்களில் நின்றாள்.

“ஒருத்திக்கே இத்தினி உடம்பா!” என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்போது அத்தையின் முகம் வந்தது. கல்யாண மண்டபத்துச் சுவரத்தனை அகலத்துக்கு அந்த ஒரு முகம். பின்னணி இசைகூட நின்றுபோனது. சோளப்பொரி கொறித்துக்கொண்டிருந்த அரங்கமே சத்தமில்லாமல் அடங்கியது. பக்கத்து இருக்கையில் யாரோ ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

“அத்த, நீதான்! பாரு!” என்று அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

“தெரியுதுடி, கத்தாத” என்றாள். ஆனால் அவள் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, தன் முகத்தின் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்த வரிசைகளில், முன்பின் தெரியாதவர்கள் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, நாங்கள் மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தையின் போன் அடித்தது. தெரியாத எண். இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள். ஓர் ஆண் குரல் நிறுத்தாமல் பேசுவது எங்களுக்கும் கேட்டது. அத்தை வெகுநேரம் கேட்டாள்.

“பாத்தியா?” என்றாள் கடைசியில். பிறகு, “நான் நல்லா கீறேன். நீ வராத” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அப்பா பிசைந்த சோற்றில் கை வைத்தபடி இருந்தார். அம்மா அத்தையின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அத்தை அதையும் பிசைந்து, நிதானமாக, ரசித்துச் சாப்பிட்டாள்.

எனக்குத்தான் கோபம் தாங்கவில்லை. நாடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டுவிட்டு, வருகிறேன் என்கிற மாமாவை வராதே என்று சொல்வார்களா? இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அன்று ஏரியில் அவரை அவள் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றே அவரை வழியனுப்பி வைத்துவிட்டாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.