சுருக்கிய படத்தில் இல்லாத வீடு

ஹென்னி டெர் ஹார், நெதர்லாந்தின் ஸ்வோல நகரத்து வரைபட அலுவலகத்தில் சேர்ந்தபோது, பெரிய படம், சின்ன படம் என்று ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனித் தரவு இருந்தது. ஒரு பாலத்தை இடித்தால் நான்கு பிரிவுகள் நான்கு முறை அழிக்க வேண்டும். ஒரு பிரிவாவது மறந்துபோகும். அந்த எரிச்சலில் ஆறு வருடம் உட்கார்ந்து அவள் வேறோர் அமைப்பை உருவாக்கினாள். அதில் ஒவ்வொரு வீடும் ஒரே தடவைதான் பதிவாகும். படத்தை விரித்தால் வீடு தெரியும். சுருக்கினால் அக்கம்பக்கத்தோடு சேர்ந்து குடியிருப்பாகும். தனி வீடென்றால் மறைந்தே போகும். ஆனால் மறைந்த வீட்டுக்கும் அதை விழுங்கிய நிலத்துக்கும் ஓர் இணைப்பு இருக்கும். வெறும் புல்வெளியைத் தொட்டால்கூட, உள்ளே ஆள் இருப்பதைச் சொல்லிவிடும்.

மேலாளர் ரூலாஃபுக்கு அந்த இணைப்பு பிடிக்கவில்லை.

"படம் திறக்கவே பத்து செகண்ட் ஆகுது, ஹென்னி. மறைஞ்சுபோனத யாரு கேக்கப் போறா? எடுத்துடு."

"அத எடுத்துட்டா இதுல மிச்சம் என்ன இருக்கு?"

"பெத்த பிள்ளையாட்டம் கொஞ்சாத. வெள்ளிக்கிழமைக்குள்ள முடி."

வாதாடினாள். கடிதம் எழுதிக் கொடுத்தாள். கடைசியில், வேலை போய்விடுமோ என்ற பயத்தில், தன் கையாலேயே நீக்கினாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாம் குளிர்காலத்தில் ஐஸல் ஆறு கரைமீறியது. ஆட்களை வெளியேற்றும் குழு சுருக்கிய படத்தை வைத்துப் பட்டியல் போட்டது. கரைக்கு வெளியே தனியாக நின்ற, பெரென்ட் என்ற கிழவரின் பண்ணைவீடு அதில் வெறும் புல்வெளி. கிழவரும் மனைவி டீனாவும் இரண்டு நாள் பரணில் கிடந்தார்கள். படகு வந்தபோது டீனா குளிரில் விறைத்துச் செத்துப் போயிருந்தாள்.

விசாரணையில், இணைப்பை நீக்கியவர் என்ற இடத்தில் ஹென்னியின் பெயர் இருந்தது. "நான் வேகமாக்கச் சொன்னேன், அவ்வளவுதான். எப்படிங்கறது அவ முடிவு" என்றான் ரூலாஃப். அவள் கொடுத்த கடிதம் கோப்பில் இல்லை. நகல் எடுத்து வைக்க அவளுக்குத் தோன்றியதில்லை.

தண்ணீர் வடிந்ததும் பெரென்ட்டைப் பார்க்கப் போனாள். அவர் காப்பி தரவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

"அத எடுத்தது நான்தான்."

"பேப்பர்ல பாத்தேன். தப்புன்னு தெரியாம செஞ்சியா?"

"தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"அப்புறம் எதுக்கும்மா இங்க வந்து நிக்கற? போ."

அந்த வசந்தத்திலேயே இணைப்பைத் திரும்பச் சேர்த்தார்கள். அதன் அருமையை ரூலாஃப் ஒரு மாநாட்டில் விளக்கிக் கைதட்டல் வாங்கினான். ஹென்னியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை பழைய தாள்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். யாரிடமும் அவள் தன் பக்கத்தைச் சொல்லவில்லை; சொன்னால் பாதிதான் உண்மை என்று அவளுக்கே தெரியும்.