ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

போன வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், லேப்டாப்பில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் மொழியை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். "என்ன மேடம், இவ்வளவு ஸ்லோ!" என்று உச்சுக்கொட்டினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பொறுமை என்ற ஒன்று எனக்கும் பிறவியிலேயே கிடையாது. பஸ் கொஞ்சம் தாமதித்தால் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்கத் தொடங்கிவிடுகிற ரகம் நான். "கால்ல வெந்நியைக் கொட்டிக்கிட்டே பொறந்தியாடி?" என்று அம்மா கேட்காத நாளில்லை. அப்படிப்பட்டவள் போய் மாட்டிக்கொண்டது திருச்சியிலேயே மிக மெதுவான ஒரு மெஷினிடம்.

அந்தக் காலத்தில் பாலக்கரையில் ஜவுளிக்கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. சவுதியிலிருந்து திரும்பிய பாய் ஒருவர் நடத்தினார். இரண்டே மெஷின்கள், இரண்டிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஸ்விட்சை அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். தினமும் ஒரு ஃப்ளாப்பியை, அதாவது தகவல் பதிந்த கறுப்புச் சதுர அட்டையை, போட்டு மெஷினை எழுப்ப வேண்டும். பிறகு அதை எடுத்துவிட்டு, சி மொழி இருக்கிற மூன்று ஃப்ளாப்பிகளில் முதலாவதைப் போட வேண்டும். ப்ரோக்ராமை அடித்து ஓட்டச் சொன்னால், கர்ர் கர்ர் என்று யோசித்துவிட்டு அடுத்த ஃப்ளாப்பி கொடு என்று கேட்கும். கொடுத்தால், முதலில் போட்டதையே திரும்பக் கொடு என்று கேட்கும். அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போனால் எல்லாம் முதலிலிருந்து. சனியனே என்று நான் கத்தாத நாளில்லை. பாய் கீழேயிருந்து எட்டிப் பார்ப்பார்.

மற்றவர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பொறுமையாக இருந்தார்கள். என்னால் முடியவில்லை. அந்த மூன்று ஃப்ளாப்பிகளில் உள்ளதைக் காப்பி எடுத்து, எது இல்லாமல் ஓடும், எது இல்லாமல் ஓடாது என்று ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தேன். உதாரணங்கள் போயின. உதவிக் குறிப்புகள் போயின. அழிக்கக் கூடாததை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்ததும் உண்டு. கடைசியில், மொழி முழுவதும், என் ப்ரோக்ராமும் சேர்ந்து, ஒரே ஃப்ளாப்பியில் அடங்கிவிட்டது. போட்டால் ஓடும், அதைக் கொடு இதைக் கொடு என்று கேட்காது. பார்த்த பாய், "மாஷா அல்லா, ஒரு வீட்டுச் சாமானை ஒரு டிரங்குப் பெட்டியில அடைச்சுட்டீங்களேம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கணக்கில் பட்டம் வாங்கி இரண்டு வருஷமாக ஸ்ரீரங்கத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவள் நான். அப்பா ரயில்வே வொர்க் ஷாப்பில் ஃபிட்டர். வேலைக்கு எழுதிப் போட்ட இடமெல்லாம் டைப்பிங் தெரியுமா என்றே கேட்டார்கள். துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்கிற சின்ன கம்பெனி ஒன்றுதான் வேறு மாதிரி கேட்டது. அந்த முதலாளி புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதில் எந்த மொழியும் இல்லை. "இரும்புத் தகடோட நீளம், அகலம், கனம் குடுத்தா மொத்த எடை சொல்லணும். மொழியை நீங்களே கொண்டுவந்து ஏத்தி, ஓட்டிக் காட்டுங்க. விஜயதசமி அன்னிக்குக் காலையில வாங்க. பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள ஓடிச்சுன்னா வேலை உங்களுக்கு. இல்லைன்னா மெட்ராஸ்லேருந்து ஆளைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

சென்டரில் எழுதிப் பார்த்தேன், ப்ரோக்ராம் ஓடியது. ஆனால் எடை அதிகமானால் திடீரென்று மைனஸில் விடை வரும். இரும்புக்கு மைனஸ் எடை! ஏன் என்று பல நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். சரஸ்வதி பூஜையன்று சென்டரில் கூட்டம் இருக்காது, அன்றைக்கு உட்கார்ந்து சரிசெய்து, காப்பியும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். முதலிலேயே ஒரு காப்பி எடுத்து வைப்பதற்கென்ன என்று கேட்பீர்கள். அதான் சொன்னேனே, பொறுமை கிடையாது.

பூஜையன்று காலை அப்பாவோடு காந்தி மார்க்கெட் போய்ப் பொரி, கடலை, பூசணிக்காய் வாங்கி வந்தோம். வருவதற்குள் அம்மா எல்லாவற்றையும் அடுக்கி முடித்திருந்தாள். அப்பா குளித்துவிட்டு வந்து சூடம் காட்டினார். கண்ணை மூடிக் கும்பிட்டேன். என் மைனஸ் எடைக்கும் ஒரு வேண்டுதல் போட்டேன். கண்ணைத் திறந்தால், அப்பாவின் ஸ்பேனருக்கும் அம்மாவின் அரிவாள்மனைக்கும் நடுவில் என் ஃப்ளாப்பி இருக்கிறது!

உறையைக் காணோம். கறுப்புச் சதுரத்தின் நடுவில் இருக்கும் ஓட்டையைச் சுற்றிச் சந்தனம். கீழே நீளமாகத் திறந்திருக்குமே, மெஷின் தொட்டுப் படிக்கிற இடம், அதில் கட்டைவிரலால் இழுத்த சந்தனப் பூச்சு, மேலே குங்குமம், அதற்கும் மேலே ஒரு துளசி இலை.

"அய்யய்யோ! அம்மா, என்ன காரியம் பண்ணியிருக்கே? உறை எங்கே?"

"காகித உறையோடவா சாமிக்கு வைப்பாங்க? சட்டை போட்டுக்கிட்டுக் குளிக்கிற மாதிரி. பழைய பேப்பரோட போட்டுட்டேன்."

எடுக்கக் கையை நீட்டினேன். அப்பா தடுத்துவிட்டார். "பூஜையில வச்சதை நாளைக்கு மறுபூஜை ஆகாம தொடக் கூடாது. எங்க வொர்க் ஷாப்பே இன்னிக்கு ஒரு நட்டைத் தொடாது. உன் அட்டைக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"அது அட்டை இல்லப்பா! நாளைக்கு என் வேலையே அதுலதான் இருக்கு!"

"அப்ப சாமிகிட்டயே இருக்கட்டும். அதைவிடப் பத்திரமான இடம் எது?" என்றார். பொரித் தட்டை அப்படியே கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாயிடம் மூல ஃப்ளாப்பிகள் இருந்தன. எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம் என்று மாடிப்படியில் ஓடினேன். அங்கே இரண்டு மெஷினுக்கும் மாலை! திரையில் விபூதிப் பட்டை, கீபோர்டின் மேல் வாழைப்பழம். காலையில் மாணவர்கள் வந்து பூஜை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பாய் வாசலில் முக்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"பாய், அவசரம். ஒரு மணி நேரம் போதும்."

"எப்படிம்மா? புள்ளைங்க சாமி கும்பிட்டு, நாளைக்கு வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. நான் திறந்து விட்டேன்னா, பாய்க்கு நம்ம சாமி மேல மரியாதை இல்லன்னு ஆயிடாதா? வேணாம்மா. நாளைக்கு விடியக்காலம் ஃபஜ்ர் தொழுதுட்டு நேரா வந்து கதவைத் திறந்துடறேன். இன்ஷா அல்லா, நல்லபடியா முடியும்."

அவரிடம் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. ஊரே தன் ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. மெயின்கார்டு கேட் வரை நடந்தேன். அங்கே பஸ் ஏறி, காவிரிப் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கி மறுபடி நடந்தேன். தொட மெஷின் இல்லை, படிக்கக் காகிதம் இல்லை. வேறு வழியில்லாமல் ப்ரோக்ராமை முதல் வரியிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே காவிரியைக் கடந்தேன். பாதிப் பாலத்தில் பளிச்சென்றது. எடையை வைக்க நான் கொடுத்திருந்த இடம் சின்னது. முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் அதில் கொள்ளாது. கொள்ளாவிட்டால் நின்று தொலைக்கவும் செய்யாது, சத்தமில்லாமல் மைனஸுக்குத் தாவிவிடும். பெரிய இடமாகக் கொடுத்தால் தீர்ந்தது. அடச்சே, இவ்வளவுதானா! பாலத்தின் மேல் தனியாகச் சிரித்த என்னைச் சைக்கிளில் போன ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே அம்மாவை எழுப்பி மறுபூஜை செய்ய வைத்தேன். "விஜயதசமியும் அதுவுமா எடுத்து ரெண்டு வரி படிச்சுட்டுப் போடி" என்றாள். "இதை மெஷின்தான் படிக்கணும், அதுவும் உன் சந்தனம் விட்டாத்தான்!" என்று கத்திவிட்டு, ஃப்ளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பாய் சொன்னபடி கதவைத் திறந்து வைத்திருந்தார். காய்ந்த சந்தனத்தைத் துடைக்கப் பஞ்சு கேட்டேன். பஞ்சை நீட்டினாரே தவிர ஃப்ளாப்பியைத் தொடவில்லை. "சாமி பொட்டு, நீங்களே துடைச்சுருங்கம்மா." துடைத்தேன். அந்த மெல்லிய கறுப்புத் தகட்டில் கீறல் விழுந்தது. போட்டேன். மெஷின் கர்ர் என்றது, இன்னும் கர்ர் என்றது, படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டது. எத்தனை முறை போட்டாலும் அதே பதில். மொழியும் போயிற்று, ப்ரோக்ராமும் போயிற்று. கையெல்லாம் சந்தன வாசனை. ஓவென்று அழவேண்டும் போல இருந்தது, ஆனால் நேரமில்லை.

மூல ஃப்ளாப்பிகளை வாங்கி, புது ஃப்ளாப்பியில் மொழியை மறுபடி ஏற்றினேன். எதை விட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று விரலுக்கே தெரிந்திருந்தது. ப்ரோக்ராமைப் பாலத்தில் சொல்லிக்கொண்டு வந்த வரிசையிலேயே அடித்தேன், எடைக்குப் பெரிய இடமாகக் கொடுத்து. சேமித்தேன். ஓட்டிப் பார்க்க நேரமில்லை, துவாக்குடி பஸ் போய்விடும். நான் படியிறங்கும்போது பாய் கூப்பிட்டு ஒரு புது உறையைக் கொடுத்தார்.

பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. டிரைவரின் முதுகை முறைத்துக்கொண்டே நின்றேன். கம்பெனியில் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். "வாங்கம்மா, கால் மணி நேரம்தான் இருக்கு." மெஷினுக்கு மாலை, பக்கத்தில் ஊதுபத்தி. முதலில் எழுப்புகிற ஃப்ளாப்பி, பிறகு என்னுடையது. ஓட்டச் சொன்னேன். அது யோசிக்கத் தொடங்கியது. முதலாளி யோசிக்கவில்லை, நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தார். நான் மேஜைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அரைப்புள்ளி ஏதும் விட்டுப்போயிருந்தால் செத்தேன்.

திரையில் கேள்வி வந்தது: நீளம்? அவர் தன் கையாலேயே எண்களை அடித்தார். வேண்டுமென்றே பெரிய பெரிய தகடுகளாக. விடை வந்தது. மைனஸ் இல்லை. தன் காகிதத்தில் இருந்த கணக்கோடு ஒப்பிட்டார், இன்னொரு முறை ஒப்பிட்டார். பிறகு தட்டிலிருந்து ஒரு கற்கண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "நாளையிலேருந்து வந்துடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "பார்த்தியா, நான் பொட்டு வச்ச நேரம்!"

எனக்கு வந்ததே கோபம். "உன் பொட்டாலதான் எல்லாமே அழிஞ்சுபோச்சு! எல்லாத்தையும் மறுபடி ஏத்தினேன். உன்னை யாரு அதைத் தொடச் சொன்னது? அது என்னன்னாவது உனக்குத் தெரியுமா?"

அம்மா அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"என்னன்னு தெரியாது. உங்கப்பாவுக்கு ஸ்பேனர் இருக்கு, எனக்கு இது இருக்கு. நீ காலேஜ் போனவரைக்கும் உன் புஸ்தகத்தை வச்சேன். போன வருஷம் உன் பேருக்கு வைக்க இந்த வீட்டுல ஒண்ணுமில்ல. தேடித் தேடிப் பார்த்துட்டு, கடைசியில உன் சீப்பை வச்சேன். யாரும் கவனிக்கல. இந்த வருஷம் இது இருந்துச்சு. தினம் மடியில வச்சுக்கிட்டுப் போறியே, இதுதான் உன் சாமான்னு நினைச்சேன்."

இரண்டு வருஷம் சும்மா இருந்ததில் நான் மட்டும்தான் தவித்தேன் என்று நினைத்திருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாழைக்காயைத் தண்ணீரில் போட்டேன்.

அடுத்த வருஷம் பூஜைக்கு முதல் நாளே, காலி ஃப்ளாப்பி ஒன்றை உறையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பொட்டு வைத்தாள்.