பியற்றிஸ் அடுக்கின யோகான்மார்

"பெத்த பிள்ளை எல்லாத்துக்கும் யோகான் எண்டு பேரை வச்சுப்போட்டுச் செத்துப்போச்சினம். இப்ப இருந்து அடுக்கிறது ஆர்? நான்."

பியற்றிஸ் இதைச் சொல்லாத நாள் இல்லை. ரெய்னர்ஸ் லேனில ரெயின் ஏறேக்க தங்கச்சிக்கு போனில சொல்லுவா. மத்தியானம் புட்டுப் பெட்டியைத் திறக்கேக்க சொல்லுவா. ஒருநாள் பூசை முடிஞ்சு சேர்ச் வாசல்ல ஃபாதருக்கே சொன்னா. அவர் என்னத்தைக் கண்டார். "மன்னிச்சு விடுங்கோ" எண்டிட்டுப் போயிட்டார்.

வேலை இதுதான். லண்டன் நடுவில ஒரு சங்கீத நூலகம். அங்க ஹொல்ட்மான் எண்ட ஜெர்மன் குடும்பம் நாலு தலைமுறையா எழுதின மியூசிக் தாள் முன்னூற்றிப் பன்னிரண்டு கிடக்கு. எழுதினவை கிட்டத்தட்ட எல்லாரும் யோகான். ஒவ்வொண்டுக்கும் ஒரு காட், விவரச் சீட்டு, எழுதவேணும்: ஆர் எழுதினது, எப்ப, எந்த வாத்தியத்துக்கு.

பியற்றிஸ் லண்டனுக்கு வரமுந்தி டோர்ட்முண்டில, வயசுபோன ஆக்களின்ர இல்லமொண்டில பதினாலு வருசம் குசினி வேலை. அங்கத்தைக் கிழவியள் எழுதின பழைய ஜெர்மன் எழுத்தை அவையின்ர பேரப்பிள்ளையளுக்கே வாசிக்கத் தெரியாது. இவவுக்குத் தெரியும். நூலகத்தில புத்தக ட்ரொலி தள்ளித் திரிஞ்சவ, அங்க தலைவரா இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழட்டிக் கழட்டிப் பாத்துக்கொண்டிருந்த தாளை நிண்ட நிலையில வாசிச்சுக் காட்டினா. அண்டையோட ட்ரொலி போச்சுது.

ஆறு வருசம் எழுதினா. காட் எல்லாத்தையும் புத்தகமா அச்சடிக்கப் போகினம், தொகுத்தவர் எண்டு முதல் பக்கத்தில அவவின்ர பேர். அந்தப் பக்கத்தைப் பாக்கத்தான் பென்சனையும் ஒரு வருசம் தள்ளி வச்சவ.

அச்சுக்கு மூண்டு கிழமை இருக்கேக்க நிஷாந்தன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். லண்டன் ஹவுன்ஸ்லோவில பிறந்த பெடியன், அவவுக்கு மேலதிகாரி. சுடுதண்ணியில கால் வைக்கிற மாதிரித்தான் தமிழ் கதைப்பான்.

"அன்ரி, அப்செட் ஆகாதீங்க, ஓகே? இந்த ஏ. எஃப். ஹொல்ட்மான் ஆர்?"

"ஆகுஸ்டின்ர மகன் ஃபிரீட்ரிக்."

"அவர் ரெண்டு வயசில செத்திட்டார், அன்ரி."

"அதுக்கு?"

"ஓர்கனுக்குப் பதினொரு பீஸ் எழுதியிருக்கிறார்."

பியற்றிஸ் காட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. எங்கட ஆக்களுக்கு முதல் எழுத்தெண்டா அப்பா. ப. பியற்றிஸ் எண்டா பஸ்தியாம்பிள்ளையின்ர மகள் பியற்றிஸ். ஆறு வருசமும் அந்தக் கண்ணாலதான் வாசிச்சிருக்கிறா. ஜெர்மன்காரருக்கு ரெண்டு எழுத்தும் அந்த ஆளின்ர சொந்தப் பேர். ஆனா யோகான் கார்லை யோகானின்ர மகன் கார்ல் எண்டு வாசிச்சாலும் ஆள் மாறேல்லை, ஏனெண்டா அவற்ர அப்பாவும் யோகான்தான். எழுதின ஆக்களில தகப்பன் ஆகுஸ்ட் ஃபிரீட்ரிக் ஒருத்தர்தான் யோகான் இல்லாமப் பிறந்து காட்டிக் குடுத்திட்டார்.

"பெரியவருக்குத் தெரியுமோ?"

நிஷாந்தன் பெரியவரின்ர மூக்குக் குரலை எடுத்தான். "'பெர்ஹாப்ஸ்... அவவின்ர பேரைக் கடைசிப் பக்கத்தில, சின்ன எழுத்தில...' எண்டார்."

"நல்லாச் சொல்லுறாய். அப்பிடியே அந்தக் குரலில போய், மியூசிக் தாள் பெட்டி முழுக்க என்ர மேசைக்கு வரவேணும் எண்டும் சொல்லு."

பெட்டி வந்தது. முன்னூற்றிப் பன்னிரண்டையும் முதல்ல இருந்து பாத்தா. பிழைச்சது அந்தப் பதினொண்டுதான். அதுவும் ஒரு வழிக்கு நல்லதாப் போச்சுது. குடும்பத்தில மெழுகுதிரி வித்தவர், ஒண்டும் எழுதாதவர் எண்டு இவ்வளவு நாளும் ஒதுக்கி வச்சிருந்த தகப்பன் ஆகுஸ்டுக்கு இப்ப பதினொரு பீஸ். திருத்தின காட்டுகளைப் பெரியவர் ஒண்டொண்டா வாசிச்சார். பேர் முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தது.

வேலையை விட்ட கடைசி நாள் நிஷாந்தன் அச்சுத்தாளோட வந்தான். "அன்ரி, உங்கட பேரை ஃபுல்லாப் போடுவமா? பியற்றிஸ் பஸ்தியாம்பிள்ளை எண்டு? இனிஷியல் போட்டா ஆக்கள் கன்ஃபியூஸ் ஆவினம்."

பியற்றிஸ் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னா:

"ப. பியற்றிஸ் எண்டு போடு தம்பி, அப்பா முன்னுக்கு நிக்கட்டும். இருநூறு வருசத்தால ஒரு ஜெர்மன்காரி வந்திருந்து என்னை அடுக்குவாள்தானே, அவள் பிழையா வாசிச்சு எனக்கொரு பதினொரு காட் மாத்தி எழுதட்டும்."