பிராது கொடுத்தவருக்கு ஒரு பாய்

சென்ற செவ்வாய்க்கிழமை பெரம்பலூரிலிருந்து வந்த, கரிப்புகையில் ஓடும் பஸ் எங்கள் பள்ளி வாசலில் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, "தையல் டீச்சரம்மா தவறிட்டாங்க. அவங்க தங்கச்சி வூட்டுல சொல்லச் சொன்னாங்க" என்றார். மூன்று நாள் காய்ச்சல். எங்கள் தையல் ஆசிரியை செல்லம்மாளை அறிந்த பழைய மாணவிகளான உங்களில் பலருக்குச் செய்தி இதற்குள் எட்டியிருக்கும். அரியலூரில் பதினோரு ஆண்டுகள் அவருக்குத் தலைமையாசிரியையாக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். புகழ்ந்து எழுத எனக்கு வராது; அவருக்கும் அது பிடிக்காது.

வகுப்பில் அவர் அதிகம் சொன்ன சொல் "பிரி" என்பதுதான். கோணல் தையலைக் கண்டால் கோபப்பட மாட்டார். "பிரிச்சுட்டுத் தை, கண்ணு. துணி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்பார்.

ஒரு கோடை விடுமுறையில் பெரம்பலூரில் தங்கை வீட்டுக்கு நடந்து போனபோது, ஒருவன் அவர் தாலியை அறுத்துக்கொண்டு ஓடினான். கழுத்தில் கொடி அறுத்த காயம் ஆற ஒரு மாதம் ஆயிற்று. போலீஸ் வேண்டாம் என்றார் அவர் கணவர். போகச் சொன்னவள் நான். "சட்டம் என்று ஒன்று இருக்கிறது, டீச்சர்" என்றேன். பி.ஏ. படித்தவர்கள் பேசும் பேச்சு அது.

திருடன் ஒரே வாரத்தில் பிடிபட்டான். தாலியும் கிடைத்தது. வாங்கி வரலாம் என்று போனவரிடம் ஸ்டேஷனில், "இப்ப அது ஒங்க தாலி இல்லம்மா, ஒண்ணாம் நம்பர் சாமான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தாலிக்குப் பதிலாக ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டு அவர் வகுப்புக்கு வந்தார்.

பெரம்பலூர் கோர்ட்டில் ஒன்பது வாய்தா. நான்கில் நானும் உடன் போனேன். மாஜிஸ்திரேட் முகாம் போயிருப்பதை நாங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கிய பிறகுதான் சொல்வார்கள். ஜாமீனில் வந்த திருடன் எதிரே காப்பிக் கடை பெஞ்சில் அமர்ந்திருப்பான். கோர்ட்டுக்குள் வக்கீல்களுக்கு நாற்காலி உண்டு. திருடனுக்குக்கூடச் சாய்ந்து நிற்கக் கூண்டு உண்டு. கழுத்தறுபட்டவருக்கு ஒன்றும் கிடையாது. ஒருமுறை செல்லம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டார். டவாலி போட்ட சேவகன், "இது என்னா ஒன் மாமியா வூடா? எந்திரி" என்றான். எழுந்துகொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு நானும் சும்மா நின்றேன்.

சாட்சி சொன்ன நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "எல்லாத் தாலியும் ஒரே மாதிரிதானே இருக்கு? இது ஒன்னோடதுன்னு எப்படிச் சொல்றே?"

"எம் மவ பல்லு மொளைக்கிறப்போ கடிச்ச தடம் இருக்குதுங்க."

"அப்போ மகளைக் கூட்டிக்கிட்டு வா. பல்லு பொருந்துதான்னு பார்ப்போம்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குழந்தை இரண்டு வயதில் இறந்துபோனது.

"அவ வரமாட்டாளுங்க" என்றார் செல்லம்மாள். "நீங்களே வேணா கடிச்சுப் பாருங்க, வக்கீலய்யா. ஒங்களுக்குத்தான் பல்லு நல்லா இருக்கு."

கோர்ட்டின் கண்ணியத்தைக் காக்கும்படி மாஜிஸ்திரேட் எச்சரித்தது அவர் ஒருவரைத்தான்.

திருடனுக்குத் தண்டனை கிடைத்தது. அப்பீலும் முடிந்த பிறகே தாலி திரும்பி வந்தது. வேறு சாமானோடு கலந்துவிடக் கூடாதென்று ஒரு குமாஸ்தா அதில் ஊசியால் "1" என்று கீறி வைத்திருந்தார். தங்கம் கொஞ்சம் பரந்திருந்த இடமாகப் பார்த்துக் கீறியிருக்கிறார். பல் தடம் இருந்த இடமும் அதுதான். செல்லம்மாள் ஜன்னலோரம் போய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரிக்க முடியாத தையலாப் போட்டுட்டாங்கம்மா" என்றார். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை.

மறு ஆண்டு, எங்கள் மாணவி ஒருத்தியின் தாய் சிவகாமி கட்டுப்போட்ட கையுடன் என் அறைக்கு வந்தார். பெரம்பலூர்ப் பக்கத்தில் நிலத் தகராறில் கொழுந்தன் கையை முறித்திருந்தான். போலீசில் பிராது கொடுக்கலாமா என்று கேட்டார். போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இம்முறை எனக்கு விவரம் தெரியும் அல்லவா?

பதில் சொன்னவர் அங்கே இருந்த செல்லம்மாள். "குடுங்க. ஆனா தனியாப் போவாதீங்க. நான் பாயோட வரேன்."

சொன்னபடியே போனார். ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்த ஒரு கோரைப் பாய். அதைக் கோர்ட் வாசல் வேப்ப மரத்தடியில் விரித்துச் சிவகாமியை உட்கார வைத்தார். அதே சேவகன் விரட்ட வந்தான். "உள்ளாற வந்தா நாங்க நம்பரு. வெளியில மனுசிங்கதானே, தம்பி? ஒக்காரட்டும்" என்றார். அடுத்த வாய்தாவில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் தாங்களாகவே அந்தப் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். குமாஸ்தாக்கள் அவருக்குப் "பாய்க்காரி" என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கோர்ட்டில் உருப்படியாக ஒரு காரியம் செய்தவரை அவர்கள் வேறு எப்படி அழைப்பார்கள்?

தங்கை வீட்டில் இருந்த அந்தப் பாயைக் கேட்டு எழுதினேன். நேற்றைய பஸ்ஸில் வந்து சேர்ந்தது. என் அறையில் சுருட்டி வைத்திருக்கிறேன். சிவகாமியின் வழக்கு இன்னும் முடியவில்லை. வரும் திங்கட்கிழமை ஏழாவது வாய்தா. தீர்ப்பில் எனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. காலை பஸ்ஸில் பாயை எடுத்துக்கொண்டு போகிறேன். சிவகாமி உட்கார வேண்டும்.