ஷீட்டின் மேல் அம்மா

எங்கள் வீட்டுக் கூரை சிமெண்ட் ஷீட். புது ஷீட் இல்லை. பைபாஸ் பக்கம் ஒரு குடோனை இடித்தபோது அப்பா பேசி வாங்கி, டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்தது. குடோனில் மாட்டப் போட்டிருந்த ஓட்டைகள் எங்கள் வீட்டுக் கூரை மரத்துக்குப் பொருந்தவில்லை என்று பக்கத்திலேயே வேறு ஓட்டை போட்டார்கள். புது ஓட்டையில் கொக்கி ஆணி, பழைய ஓட்டையில் வானம். வெயில் நாளில் தரையெங்கும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழும். ஐப்பசியில் அதே இடங்களில் தண்ணீர் சொட்டும்.

வருடா வருடம் தார் வைத்து அடைப்போம். கோடையில் அது இளகி, பிறகு காய்ந்து வெடித்து, அடுத்த மழைக்குப் பழையபடி ஆகிவிடும்.

வீட்டில் நனையாத இடம் பீரோ ஓரம் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து அது என்னுடையது. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். புத்தகம் நனையக் கூடாது, அப்புறம் புத்தகம் வைத்திருக்கிறவனும் நனையக் கூடாது என்று ஆகிப்போனது. இப்போது வேலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பழகுகிறேன். தினமும் ரயிலில் போய் வருகிறேன். மீசை வைத்த ஆள். இன்றைக்கும் மேகம் கறுத்தால் அம்மா, "நீ பீரோகிட்ட போய்ட்றா" என்பாள். அப்பாவும் அவளும் சொட்டுக்கு வைத்த பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள். போகமாட்டேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லிவிட்டுப் போய்த்தான் உட்கார்வேன்.

அந்த இடம் அம்மாவின் வேலைக்கும் வேண்டும். ஷூவின் மேல்பாகத்தை இங்கே அப்பர் என்பார்கள். ஏஜெண்ட் பாய் அதை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். அம்மா கையால் தைத்துக் கொடுப்பாள். இந்த ஐப்பசியில் வந்தது வெளிர் நிறத் தோல். ஒரு சொட்டு தண்ணீர் பட்டால் போதும், காய்ந்த பிறகும் வளையம் வளையமாகக் கறை நிற்கும். கறை இருந்தால் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள். கறைபடுத்தும் வீட்டுக்கு அடுத்த மூட்டையும் வராது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் தொப்பலாக நனைந்து, தும்மிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா மூட்டையைப் பீரோ ஓரத்திலிருந்து எடுத்து, சமையல் மேடைக்கு மாற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்துவிட்டு எனக்குப் படுக்கை போட்டாள். காலையில் கவரின் ஒரு மூலை விலகியிருந்தது. சில ஜோடிகளில் வளையம் விழுந்திருந்தது. அம்மா துணியால் ஒற்றினாள், விசிறினாள். பிறகு அந்த ஜோடிகளை மூட்டையின் நடுவில் வைத்துக் கட்டினாள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

பாய் அன்றைக்கு மூட்டையை எடுக்க வருவார். அடுத்ததையும் கொண்டுவருவார். அது நனையாமல் இருக்க, மழை விட்டிருந்த நேரத்துக்குள் ஓட்டைகளை அடைக்க வேண்டும். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் ஷிப்டில் இருந்தார்.

"நான் ஏர்றேம்மா."

"நீ ஏறினா ஷீட்டு தாங்குமா? ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து அம்மிக்கல்லு மாதிரி ஆயிட்ட. உள்ள நின்னு குச்சி காட்டு, போ."

மேலே இருப்பவருக்கு ஓட்டை தெரியாது. உள்ளே இருந்து துடைப்பக் குச்சியை ஓட்டை வழியாக நீட்டினால், மேலே தலை தூக்கும் குச்சியைப் பார்த்து அங்கே அடைப்பார்கள். அதற்குத்தான் குச்சி காட்டுவது என்று பெயர். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தார் டப்பாவும் தோல் துண்டுகளுமாக ஏணியில் ஏறினாள். ஏணி எதிர்வீட்டுக் காலாவுடையது. உருதுக்காரம்மா. தெருவுக்கே அவர் காலாதான், எல்லாருக்கும் சித்தி முறை. ஏணியைக் கொடுத்துவிட்டு அவர் சும்மா உள்ளே போகவில்லை.

"அரே பேட்டா! அம்மாவ மேல ஏத்திட்டு உள்ள இன்னா பண்ற? ஆபீஸ் நடத்துறியா?"

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்புவது கதவு வழியாகத் தெரிந்தது. நான் கையில் துடைப்பக் குச்சியோடு நின்றிருந்தேன்.

"அவன் வெய்ட்டு ஜாஸ்தி காலா. ஏறினா நேரா அடுப்பு மேல வந்து வுழுவான்," என்றாள் அம்மா மேலிருந்து.

"அப்ப சோத்த கம்மி பண்ணு!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் சிரிப்பு ஓட்டை வழியாக எனக்குக் கேட்டது.

அடியில் மரம் ஓடும் வரிசையை விட்டு அம்மா காலை நகர்த்தினால் ஷீட் முனகும். அந்தச் சத்தம் எங்கே போகிறதோ அங்கெல்லாம் நான் கீழே நகர்ந்தேன். ஒரு கையில் குச்சி. இன்னொரு கையை மேலே தூக்கியே வைத்திருந்தேன், விழுந்தால் பிடித்துவிடுகிறவன் மாதிரி. அம்மா பழைய துணியால் ஈரத்தைத் துடைப்பாள், தாரில் தோய்த்த தோல் துண்டை வைத்து அழுத்துவாள். உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் அணையும்.

"அடுத்தது காட்றா. தூங்கிட்டியா?"

பாதிக்கு மேல் அடைத்திருப்போம். வாசலில் வண்டிச் சத்தம். மழைக்குப் பயந்து பாய் சீக்கிரமே வந்துவிட்டார். வண்டியின் பின்னால் எங்களுக்கான அடுத்த மூட்டை கட்டியிருந்தது. நான் தைத்த மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எப்போதும் பிரித்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர், என்னைக் கண்டதும் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கற தம்பி நீங்கதான? நீங்களே எடுத்தாந்து குடுக்கறீங்க, நான் இன்னாத்த பிரிச்சிப் பாக்கறது!"

நிமிர்ந்து பார்த்தேன். கூரை விளிம்பில் அம்மா குந்தியிருந்தாள், முழங்கை வரை தார். அவள் கண் என் வாயின் மேல் இருந்தது.

"பாய், நடுவுல சில ஜோடி நனஞ்சிட்ச்சி," என்றேன்.

பாய் பிரித்தார். கறைபட்டதை ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்தார். அம்மா ஏணியில் இறங்கி வந்து, கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலா இந்த முறை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"உள்ளத சொன்னீங்க தம்பி. படிச்ச புள்ளன்னா இப்படித்தான் இருக்கணும்," என்றார் பாய். என் முதுகில் தட்டினார். ஒரு கணம் எனக்கு நன்றாக இருந்தது. அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டே எனக்கு நன்றாக இருந்தது.

பிறகு அவர் அம்மாவிடம் திரும்பினார். "கோச்சிக்காதம்மா. மழ முடியட்டும். இல்ல, ஷீட்ட மாத்திட்டு ஒரு போன் போடு." பின்னால் இருந்த மூட்டையை அவர் இறக்கவில்லை. வந்ததும் தளர்த்திவிட்டிருந்த வண்டிக் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினார்.

"மாத்திடுவோம் பாய். எம்புள்ளதான் மாத்தப் போறான்," என்றாள் அம்மா, குழாயடி வரை கேட்கிற குரலில்.

நான் தலையாட்டினேன். எதை வைத்து மாற்றுவது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியாது என்று.

அவர் போனதும் அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "மீதி ஓட்ட இருக்குது, வா," என்றாள். அவள் மறுபடி ஏறினாள். நான் உள்ளே போய்க் குச்சி காட்டினேன். மேலே ஷீட் முனகியது. கறையை மறைத்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மூட்டை நான் படுக்கத்தான் இடம் மாறியது. அதைப் பாயிடம் நான் சொல்லவில்லை.

இருட்டுகிற நேரத்தில் அப்பா வந்தார். அவர் பின்னாலேயே மழையும் வந்தது. சட்டையைக் கழற்றிக்கொண்டே மேலே பார்த்தார்.

"பரவால்லியே, ஒரு சொட்டு வுழல! பாய் வந்தாரா?"

"வந்தாரு. எடுத்துனு போய்ட்டாரு," என்றாள் அம்மா, மண்ணெண்ணெய்த் துணியால் விரல்களைத் தேய்த்தபடி.

"அடுத்தது?"

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.