மூக்குக்கு விடுமுறை

காலேஜில் சேர்ந்த வருஷம் என் நாட்கள் மூன்று பங்காகிப் போயின. பகலில் படிப்பு. சாயங்காலமும் சனிக்கிழமையும் போடி பஜாரில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கென்று கிடைக்கும். கடை முதலாளி கிறிஸ்தவர். அன்றைக்குக் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போய்விடுவார், கடை திறக்காது. அந்த ஓய்வில் நான் முருகன் கோயில் பஜனைக்குப் போவேன். பாடுவதற்கு எனக்குக் குரல் கிடையாது. ஆகவே சாம்பிராணிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பங்கு. அதை ஒரு பாக்கியமாகவே நினைத்திருந்தேன்.

வேலையை விட முடியாது. "காலேஜுக்கு அனுப்புறேன். பஸ்சுக்கும் பொஸ்தகத்துக்கும் நீயே பாத்துக்கணும்ப்பா," என்று அப்பா முதலிலேயே சொல்லியிருந்தார். காலேஜ் தேவாரம் தாண்டி இருந்தது. பஸ்சில்தான் பாடம் படிப்பேன். சிலமலையில் புல்லுக்கட்டும் கோழிக்கூடையுமாக ஆட்கள் ஏறினால் புத்தகத்தை மடக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் இறங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி.

இப்படி எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடித்தது ரசாயனப் பாடத்தில். ஆளுக்கொரு உப்பைக் கொடுப்பார்கள். அதைச் சூடாக்கி, வரும் ஆவியை முகர்ந்து பார்த்து, இன்ன உப்பு என்று எழுத வேண்டும். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவன் முகத்தைச் சுளித்தால், ஏதோ வருகிறது என்று தெரிந்துகொள்வேன்.

ஒருநாள் ஆசிரியர் என்னருகே வந்து நின்றார்.

"என்னப்பா வாசனை வருது?"

"ஒண்ணும் வரலீங்க சார்."

அவர் குனிந்து முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுவா ஒண்ணும் வரலை?" என்றவர் என் சட்டைப் பக்கம் திரும்பினார். "உன் மேலேதான் பாயாச வாசனை வருது. எங்கே வேலை பார்க்கிறே?"

சொன்னேன். வகுப்பே சிரித்தது. அன்று முதல் எனக்குப் பாயாசம் என்று பெயர். ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்திச் சோதனை வைக்கப் போவதாகவும், அதில் தேறாவிட்டால் சயன்ஸை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்துக்கொள்வதே நல்லது என்றும் சொன்னார். நானோ விவசாயம் படித்து ஏலத்தோட்டத்தில் ஆபீசராகப் போவேன் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். சயன்ஸ் போனால் அதுவும் போச்சு. (கடைசியில் அந்த ஒரு வருஷப் பி.யு.சி.யோடு என் படிப்பு நின்றது என்பது வேறு விஷயம்.)

கடையில் என் வேலை, காய்ந்த ஏலக்காயைச் சாக்கில் போட்டுத் தேய்த்துக் காம்பை உதிர்ப்பது. தூசி மூக்கில் அப்பிக்கொள்ளும். மூக்கு மரத்துப்போனது இதனால்தான் என்று பட்டது. பக்கத்தில் காயைப் பச்சை, வெளுப்பு என்று நிறம் பார்த்துப் பொறுக்குகிற பெண்களில் வயதில் மூத்த அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு மூக்குச் செத்து எத்தனையோ வருசமாச்சு அப்பு," என்றார். "வீட்டுல கொழம்பு தீஞ்சாக்கூடப் பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் சொல்லணும்."

"அவ சொல்றதுக்குள்ள அவ கொழம்பும் தீஞ்சிருக்கும்," என்றாள் இன்னொருத்தி.

முதலாளியிடம் போய், சோதனை முடிகிற வரை லீவு கேட்டேன்.

"காய்ச்சலுக்கு லீவு கேப்பாக, கல்யாணத்துக்குக் கேப்பாக. மூக்குக்கு லீவு கேக்குறவனை இப்பத்தான் பாக்குறேன்," என்றார். "குரங்கணியில இருந்து லோடு வந்து எறங்குற நேரமாப் பாத்துக் கேக்குறியே." கணக்கு நோட்டை மூடி வைத்தார். "சரி, போ. பரிச்சை முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே வெரசா வந்துரணும்."

கடைக்குப் போகாமல் இருந்தும் மூக்கு முழுதாகத் திறக்கவில்லை. நடுவே ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாம்பிராணிப் புகையும் ஆகாது என்று அப்போதுதான் உறைத்தது. சாமி காரியத்தைத் தள்ளுகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. போகாமல் இருக்கவும் முடியவில்லை. பஜனை நடத்துகிற அண்ணனிடம், இன்றைக்குக் கரண்டியை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன்.

"ஏன் மாப்ளே, காலேஜுக்குப் போனதும் சாமி புகை ஆகாமப் போச்சா?"

"பரிச்சைண்ணே. மூக்கைத் தேத்திக்கிட்டு வந்து புடிக்கிறேன்."

"முருகன்கிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்குற? போ, வெளிய உக்காரு."

வாசலுக்கு வெளியே செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்து, உள்ளே பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு முடியும் சமயத்தில் ஏதோ ஒரு மக்கிய நெடி வந்தது. நனைந்த தோல் செருப்பு. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் புகையிலை. அப்புறம் யாரோ ஒரு பெண் கடந்து போக, தலையில் தேய்த்த விளக்கெண்ணெய். இருந்த இடத்திலேயே உள்ளே பார்த்துக் கும்பிட்டேன். செருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் மூக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது முருகன் சித்தம் போலும்.

சோதனையன்று எனக்குக் கொடுத்த உப்பு சூடேறியதும், விடிகாலையில் மாட்டுத்தொழுவத்துக்குள் நுழைந்தால் அடிக்குமே, அந்த நெடி மண்டையில் ஏறியது. அமோனியம் உப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.

"பாயாசம் தேறியாச்சு," என்றார் ஆசிரியர்.

பஸ்சை விட்டு இறங்கி நேரே கடைக்குப் போனேன். படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னடா, உள்ள வர வழி தெரியலையா?" என்றார் முதலாளி.

"காய் மணக்குது முதலாளி."

"ஏலக்காய்க் கடையில மண்ணெண்ணெயா மணக்கும்? வா, சோலியைப் பாரு."

பெண்கள் சிரித்தார்கள். நான் போய்ச் சாக்கின் முன்னால் உட்கார்ந்தேன். அந்த மூத்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் சாய்ந்து, "நெசமாவே மணக்குதா அப்பு? எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பஞ்சாமிருதம் கையில வாங்குனதும் வருமே ஆத்தா, அது மாதிரி," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கையிலிருந்த ஒரு காயை மூக்கருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அதைப் பச்சைக் காய்க் குவியலில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். விளக்கேற்றும் நேரத்துக்குள் எனக்கும் அந்த மணம் நின்றுவிட்டது.