மரித்தோர் பூசையில் எழுந்து நின்ற மாமி

சாவகச்சேரியில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து வாசலில், போன செவ்வாய்க்கிழமை, மாமியின் தம்பி சூசை அம்மான் வந்து நின்றார். அவர் முகத்தைக் கண்டதும் மலாயாவிலிருந்துதான் செய்தி என்று எண்ணி, கையிலிருந்த வெண்கட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அக்கா மோசம் போட்டா, பிள்ளை" என்றார்.

என் கணவரைப் பற்றிய செய்தி இல்லையே என்று முதலில் மூச்சு வந்தது. பிறகுதான் மாமி இறந்துபோனார் என்பது உறைத்து அழுதேன்.

கரையூர் மதலேனா மாமியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் என் கணவர் அருளப்புவின் தாயார். தம் கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர். கருவாடு விற்று ஒரே மகனை இங்கிலீசு படிப்பித்து, மலாயா ரெயில்வே வேலைக்கு அனுப்பியவர். வாய் கொஞ்சம் பெரிது. சந்தையில் அவரை ஏய்த்தவர் எவருமில்லை.

யப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததிலிருந்து கடிதம் நின்றுபோயிற்று. எனக்கு இருப்புக் கொள்ளாது. சனிக்கிழமை கரையூருக்கு வந்தால் தபால் கந்தோர், அங்கிருந்து மலாயாவில் ஆள் உள்ளவர்களின் வீடுகள், திரும்பவும் தபால் கந்தோர். வீட்டிலும் முற்றத்துக்கும் படலைக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

"நிலம் தேயப்போகுது. வந்து இந்தச் சூடை மீனை ஆய்" என்பார் மாமி.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "எந்த நேரமும் செபமாலை! மகனைத் திருப்பித் தாறன் எண்டு ஆண்டவர் உங்களுக்கு வாக்குக் குடுத்தவரோ, மாமி?" என்று கத்திவிட்டேன்.

மாமி கோபிக்கவில்லை. "இல்லைப் பிள்ளை. அப்பிடி ஒருநாளும் சொல்லேல்லை. கைவிடமாட்டன் எண்டுதான் சொன்னவர். அவன் எங்கை கிடந்தாலும் ஆண்டவரின்ரை கைக்குள்ளைதான். அதுக்கு மேலை சொன்னால் நான் பொய் சொல்லவேணும்."

அந்தப் பதிலில் எனக்கு ஆறுதல் பிறக்கவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஆத்துமாக்கள் திருநாளன்று, வீட்டுக்கு வீடு தங்கள் மரித்தோரின் பெயர்களைக் கொடுப்பதும், பூசைக்கு முன் குருவான சுவாமி அவற்றை உரக்க வாசிப்பதும் எங்கள் கோவில் வழக்கம். போன வருடம் சூசை அம்மான், நல்ல எண்ணத்தோடுதான், அருளப்புவின் பெயரையும் கொடுத்துவிட்டார். சுவாமி அதை வாசித்தபோது என் கை தாலிக்குப் போயிற்று. 

பெண்கள் பக்கத்தில் மாமி எழுந்து நின்றார். "சுவாமி, அந்தப் பேரை எடுங்கோ. என்ரை பிள்ளை செத்தவன் எண்டு ஆர் சொன்னது?"

கோவில் கலகலத்தது. சூசை அம்மான் பதறிப்போய், "அக்கா, உயிரோடை இருந்தாலும் ஒரு செபம் கூடினால் கெடுதியே?" என்றார்.

"அப்ப உன்ரை பேரையும் சேர்த்துக் குடுத்திருக்கலாமே!"

சனம் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். சுவாமி அந்தப் பெயரை விலக்கிவிட்டு மற்றவற்றை வாசித்தார்.

வீடு திரும்பும் வழியில் மாமி ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவன் உயிரோடை எண்டு எனக்குத் தெரிஞ்சு சொல்லேல்லைப் பிள்ளை. ஆண்டவர் கைவிடாதவனை நான் முந்திக் கைவிடக்கூடாது. அவ்வளவுதான்" என்றவர், தெருவென்றும் பாராமல் விம்மி அழுதார். அவருக்கும் பயம் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன். அதற்குப் பிறகு அவரோடு நான் சண்டை பிடிக்கவில்லை.

மழைக்காலக் காய்ச்சல் மாமியைக் கொண்டுபோயிற்று. சேமக்காலையில் குழிக்குள் முதற்பிடி மண் போடுவது மகன். "மகன் இல்லாத இடத்திலை ஆர் போடுறது?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சூசை அம்மானைப் பார்த்தார்கள்.

"மகன் இருக்கிறார். இன்னும் வரேல்லை" என்று சொல்லி, நானே முன்னுக்குப் போய் மண்ணை அள்ளினேன்.  

மாமி, போய் வாருங்கள். என் மனம் இன்னும் அடங்கவில்லை. நம்பினால் மனம் அடங்கும் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதுமில்லை. உங்கள் மகன் உங்களுக்கு முன்பே அங்கே வந்திருந்தால் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வரவில்லையென்றால், இங்கே நான் இருக்கிறேன்.